எல்லாளனின் மணியும் எங்கள் மாடுகளும்

மாடு கன்றுகளோடு வாழ்ந்த குடும்பங்கள் எமது குடும்பங்கள். 1997 வைகாசியில் ஜெயசிக்குறு தொடங்கியபோதும், 2008 இல் மீண்டும் ஊர் பெயர்ந்தபோதும், புளியங்குளத்துப் பக்கத்தில் பலர் கடைசியாகச் செய்த வேலை பட்டியைத் திறந்துவிட்டதுதான். அதற்கும் நேரம் கிடைக்காமல் ஓடியவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கலங்குகிறார்கள். வாயில்லாச் சீவன்களுக்கும் நீதி உண்டா என்று கேட்கும் பழைய கதையொன்றை அதனால்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, நீதி வேண்டுவோர் இழுப்பதற்கு நீண்ட கயிறும் விட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. ஒருநாள் அவனுடைய மகன் தேரில் திசவாவிக்குப் போகையில், வழியிலே தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் சில்லு ஏறிவிட்டது. வேண்டுமென்று செய்ததல்ல. பசு வந்து மணியை இழுத்தது. அதே சில்லினால் மகனின் தலையை அறுப்பித்தான் அரசன். எல்லாளனை வென்று கொன்ற துட்டகைமுனுவைப் போற்றும் நூலே இதனை எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாம் சிறுவயதில் படித்த மனுநீதிச் சோழன் கதையும் இதுவே. ஆனால் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அது திருவாரூரில் நடக்கிறது. முடிவில் இறைவன் தோன்றி, கன்று, மகன், உயிரை விட்ட அமைச்சன் ஆகிய மூவரையும் எழுப்பிவிடுகிறான். மகாவம்சத்தில் எவரும் எழுவதில்லை. இழந்தவர்களுக்கு எந்த முடிவு ஆறுதல் தரும் என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்த மணியைப் பசு மட்டும் இழுக்கவில்லை. பனைமரத்தில் தன் குஞ்சைப் பாம்பு விழுங்கியதும் தாய்ப்பறவை இழுத்தது. அரசன் பாம்பைப் பிடிப்பித்து, வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்து, பாம்பை அதே மரத்தில் தொங்கவிட்டான். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுவன், "பாம்புக்கும் பசிதானே, சுவாமி?" என்று கேட்டான். எனக்கு மறுமொழி வரவில்லை. நீதி என்று நினைத்துச் செய்வதிலும் கொடுமை புகுந்துவிடும் என்பதை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான்.

பின்னர் ஒரு கிழவி இழுத்தாள். அவள் காயவைத்த நெல்லைக் காலந்தவறிய மழை நனைத்துவிட்டது. எமக்கு இதுதான் முக்கியம். பசு இழுத்த அதே கயிற்றைத்தான் நெல்லை இழந்தவளும் இழுத்தாள்.

மீள்குடியேறிய ஊர்களில் இன்று நடப்பதென்ன? கட்டாக்காலி மாடு வயலில் இறங்குகிறது. கடன்பட்டு விதைத்தவன் விடிய வந்து பார்க்கிறான், பயிர் இல்லை. அவனுடைய கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் கத்தியால் மாட்டின் காலை வெட்டுவதும், காட்டுப்பன்றிக்கென்று வாய்வெடி வைத்து மாட்டின் தாடையைச் சிதறடிப்பதும் நடக்கின்றன. வெட்டுப்பட்ட மாடு மணியை இழுக்கமுடியாது. தன்னைக் காவாமல் விட்ட சொந்தக்காரனையும் அது காட்டிக்கொடுக்காது.

விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இல் இயற்றப்பட்டது. அதில் வைத்த ஆகக்கூடிய தண்டம் 100 ரூபா. அந்தக் காசுக்கு இன்று மாடு கட்டும் கயிறும் வராது. ஆகவே முதலில் நாடவேண்டியது ஊருக்குள்ளேயே இருக்கும் கயிற்றைத்தான். காலபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயல்வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய திகதி தீர்மானிக்கப்படுகிறது. வயற்காரர் போகிறார்கள், மாட்டுக்காரர் பலர் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு இருபகுதியாரும் போங்கள். மாடுகளை எங்கே மேய்ப்பது, அழிந்த பயிருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதையும் அங்கேயே கேட்டு, கமக்காரர் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.