புற்றுக்குள் இருக்கும் ஈரம்

கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் வாழும் சிறு மலைப்பாம்பு ஒன்று, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமான வீடுகளில் வளர்கிறது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். அதனால் பந்து மலைப்பாம்பு என்று பெயர். பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும், நஞ்சில்லை, சாதுவானது. இதை வளர்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கவலைகளில் ஒன்று, சட்டை சரியாக உரியாமல் போவது.

சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது, பழைய தோலுக்கும் அதன் அடியில் உருவான புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறி இரண்டையும் பிரிக்கிறது. அந்நாட்களில் உடல் நிறம் மங்கும். கண்கள் நீலம் படிந்த பால் நிறமாகும். பிறகு கண் தெளியும். அதன்பின் சில நாட்களில் பாம்பு மூக்கு நுனியைச் சொரசொரப்பான இடத்தில் தேய்த்து, காலுறையைக் கழற்றுவது போல, உட்புறம் வெளியே வரும்படி முழுச் சட்டையையும் ஒரே துண்டாக விட்டுச் செல்லும். காற்று வறண்டிருந்தால் இது நடக்காது. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாகத் தங்கும் தோல் காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் நின்று நுனியே பட்டுப்போகலாம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டும்.

இந்தப் பாம்புக்கு ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், உரிக்கும் நாட்களில் 70 வரை உயரட்டும் என்பது வளர்ப்பவர்களிடையே உள்ள வழக்கம். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று புரியாமல் அதைத் துரத்துவதில் பயனில்லை. ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே அது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 32 டிகிரியில் சுமார் 34 கிராம். ஆகவே 25 டிகிரியில் 60 சதவீத ஈரத்தோடு இருந்த காற்றை விளக்கு வைத்து 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர்கூட வெளியேறாமலே அளவு 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குளிர் நாடுகளில் நிலைமை இன்னும் கடுமை. 0 டிகிரிக் காற்று 5 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். அது வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது 25 சதவீதம்தான் தேறும்.

அப்படியானால் வறண்ட புல்வெளியில் இந்தப் பாம்பு எப்படிப் பிழைக்கிறது? சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும் மாதங்களில் அங்கே ஈரப்பசையே இருக்காது. பாம்பு அந்தக் காற்றில் கிடப்பதில்லை. எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடிபுகுவதை நாமும் அறிவோம். மண்ணுக்குள் வெப்பம் அதிகம் ஏறி இறங்குவதில்லை, ஈரமும் எளிதில் போவதில்லை.

ஆகவே நாம் தர வேண்டியது நனைந்த கூண்டு அல்ல, ஈரமான ஒரு வளை. பாம்பு நுழைந்து சுருள அளவான மூடிய டப்பா, பக்கத்தில் ஒரு துளை, உள்ளே பிழிந்தெடுத்த ஈரப் பாசி. வேண்டும்போது போகும், வேண்டாதபோது வெளியே வரும். அந்த உரிமையைப் பாம்புக்கே விடுவது எந்தக் கருவியையும்விட மேலானது.

கூண்டின் தரைக்குத் தென்னை நார்க்கழிவு நன்றாகப் பொருந்தும். பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாகக் கப்பலேறும் இந்தப் பொருள், அயல்நாடுகளில் ஊர்வனவற்றின் படுக்கையாகவும் விற்கப்படுகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்து, மெதுவாக விடும். மேலே தெளிக்காமல் மூலைகளில் நீரை ஊற்றினால் அடி அடுக்கு ஈரமாகவும் பாம்பு படுக்கும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்கும். நாள்தோறும் நீர் தெளிப்பதை நான் ஆதரிப்பதில்லை. அளவு சட்டென ஏறும், ஓரிரு மணி நேரத்தில் இறங்கும், தரைதான் நசநசவென்று ஆகும். தொட்டியின் மேல்மூடி முழுதும் வலையாக இருந்தால் ஈரம் அதன் வழியே போய்விடும். பெரும்பகுதியை மூடி, காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் விட வேண்டும்.

முழுக்க அடைத்துவிடுவதும் ஆபத்து. தேங்கிய ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நனைந்த தரையிலேயே கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கிளம்பிப் புண்ணாகும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, சீழ்க்கை போன்ற ஒலி, மூக்கில் நுரை ஆகியவை சுவாசத் தொற்றின் அடையாளங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈரப்பதமானியைக் கூண்டின் உச்சியில் ஒட்டாமல், பாம்பு கிடக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சமையல் உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைச் சில துளி நீரில் குழைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் அறை வெப்பத்தில் சில மணி நேரம் விட்டால், உள்ளே 75 சதவீதம் நிலைக்கும். கருவி 70 காட்டினால் 5 குறைவாகக் காட்டுகிறது என்று பொருள்.

இத்தனைக்கும் பிறகு சட்டை ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுக்குள் பாம்பை ஊர்ந்து போக விட்டால், துணியின் உராய்விலேயே பெரும்பாலும் கழன்றுவிடும். கண் செதில் மட்டும் தங்கினால் தொடாமல் ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்புக்குக் காத்திருக்கலாம். அப்போதும் போகாவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும். நகத்தால் கிள்ளினால் கண்ணே போய்விடும்.