காலிக் கோட்டையில் ஒரு வீடு விலைக்கு வந்தால்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் போகிறவர்கள் நாலந்தாவில் சற்று உள்ளே திரும்பினால் கெடிகேயைப் பார்க்கலாம். பல்லவக் கட்டடக்கலையின் சாயலில் கல்லால் எழுப்பிய பௌத்த ஆலயம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பது அறிஞர் கணிப்பு. மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது நீருக்கடியில் போகவிருந்தது. 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, பின்னர் மேட்டில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். அரசின் பொறுப்பில் இருந்த இடம், குடியிருப்போர் எவருமில்லை. அரசே முடிவெடுத்தது, அரசே செலவழித்தது.

ஆனால் ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்கிற வீடே தொல்பொருளாக இருந்தால்? அதற்கு உறுதியும் இருந்து, அது விலைக்கும் வந்தால்? இலங்கையில் இந்தக் கேள்வி காலிக் கோட்டையில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது.

1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. 1796இல் ஆங்கிலேயரிடம் போனது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மதிலுக்குள்ளே இருப்பது முழு நகரம்: தேவாலயங்கள், பௌத்த விகாரை, கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மீரான் ஜும்மாப் பள்ளிவாசல், 1892இல் தொடங்கிய அறபுக் கல்லூரி. பீட்லர் வீதியிலும் லெய்ன் பான் வீதியிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் பெரும் பங்கினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். காலியில் தமிழின் இருப்பு கோட்டையைவிடவும் பழையது. சீனக் கடலோடி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனம், பாரசீகத்தோடு தமிழும் பொறித்தது, இந்த ஊரிலேதான் 1911இல் கண்டெடுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட வீடு ஏன் விலைக்கு வருகிறது? பேராசை என்று சொல்லிவிடுவது அநியாயம். ஒரு வீட்டுக்கு ஆறேழு வாரிசுகள். ஒருவர் கொழும்பில், ஒருவர் வளைகுடாவில். பங்கு பிரித்துச் சுவர் எழுப்ப வீடு இடம் கொடாது. 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின்படி கூட்டு உரிமையாளரில் ஒருவர் வழக்கு வைத்தால்கூட, பிரிக்க முடியாத ஆதனத்தை விற்றுப் பணத்தைப் பகிர நீதிமன்றம் கட்டளையிடலாம். அதற்கு முன்னரே குடும்பம் கூடிப் பேசி விற்றுவிடுகிறது.

மற்றொன்று பராமரிப்பு. இந்த வீடுகளின் பருத்த சுவர்கள் முருகைக்கல்லும் கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. கடற்காற்றின் ஈரத்தைச் சுவர் உள்வாங்கி, வெயிலில் மெல்ல வெளிவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடுகிறது. பழுதான இடத்தில் மலிவென்று சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்பு பூச்சின் பின்னால் பூத்து, பூச்சைத் தள்ளி, கல்லையும் பொடியாக்கும். சீமெந்துப் பட்டையின் ஓரத்தை விரலால் தட்டினால் வெறுமையான ஓசை கேட்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் அருகிவிட்டார்கள். அரைவட்ட ஓடும் பெரிய மரச் சட்டங்களும் விலை கூடியவை. ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்தால் இதைத் தாங்க முடியாது.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் காணி வாங்கினால் செலுத்த வேண்டியிருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் கோட்டை வீடுகள் கைமாறின. விருந்தினர் விடுதிகள், கடைகள் பெருகின. பிறகு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும், பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள கம்பனிகளுக்கும், சில விலக்குகள் தவிர, காணியை உரிமை மாற்றுவதைத் தடுத்தது. 99 ஆண்டு வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். பெயரளவில் உரிமை இங்கேயே இருக்கும். வீட்டில் யார் வாழ்வது என்பதை மட்டும் அந்தக் குத்தகை தீர்மானித்துவிடும்.

வாங்குகிறவர் நினைத்ததை எல்லாம் செய்துவிடவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைப் பழைமையான நினைவுச்சின்னமாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தலால் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம். எனவே நொத்தாரிசு உறுதியைத் துருவிப் பார்ப்பதோடு வேலை முடியாது. ஒரு சுவரை இடிக்கவும், மாடி எழுப்பவும், முன்விறாந்தையை அடைக்கவும் தொல்பொருளியல் திணைக்களத்திடமும் மாநகர சபையிடமும் அனுமதி வேண்டும். தூண்கள் நிற்கும் அந்த விறாந்தைதான் தெருவின் முகம் என்பதால் அதில் கைவைப்பதை அதிகாரிகள் எளிதில் ஒப்ப மாட்டார்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. பல விடுதி உரிமையாளர்கள் வீடுகளைச் சிறப்பாகவே மீட்டிருக்கிறார்கள், அவர்கள் வராவிட்டால் சில கூரைகள் இன்று இருந்திரா. ஆனால் சட்டம் காப்பது ஓடுகளையும் தூண்களையும் மட்டுமே. மாலையில் அந்த விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தவர்கள் போனால் அதைக் கேட்க ஒரு பிரிவும் இல்லை. பள்ளிவாசலுக்கு ஐந்து வேளையும் நடந்து வருகிறவர்களின் வீடுகள் விடுதிகளாக மாற மாற, தொழுகை வரிசையும் குறையும்.

வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் நிதியுதவியோடு கோட்டையில் தனியார் வீடுகள் முன்பு பழுதுபார்க்கப்பட்டன. உரிமையாளர் வெளியேறாமலே அது நடந்தது. அதே முறையில், குடியிருக்கும் குடும்பத்துக்குச் சுண்ணாம்பு வேலைக்கான மானியமும், வாரிசுகளின் பங்கை வாங்கிக்கொள்ள முன்வரும் உடன்பிறப்புக்குக் குறைந்த வட்டிக் கடனும் கொடுக்கலாம். வீடு சந்தைக்கு வரும் முன்னரே அவை குடும்பத்தின் கையில் கிடைக்க வேண்டும். நொத்தாரிசின் மேசைக்குப் போன பிறகு கொடுத்துப் பயனில்லை.