மாதிரி உருவாக்கத்துக்கான சுழல் கருவி

சுழல் கருவி என்பது கைக்குள் அடங்கும் சிறிய மின்மோட்டாரின் முனையில் மெல்லிய பிட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, துளையிடவும் அறுக்கவும் செதுக்கவும் தேய்க்கவும் பயன்படும் கருவி ஆகும். கடைகளில் இது ரோட்டரி டூல் என்றும் மினி கிரைண்டர் என்றும் கேட்கப்படுகிறது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் டிரெமல் என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் 1932-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. 1993 முதல் அந்நிறுவனம் ஜெர்மனியின் பாஷ் குழுமத்தைச் சேர்ந்தது.

பொழுதுபோக்காகக் கப்பல், வீடு, தேர், தொடர்வண்டி போன்றவற்றின் சிறு மாதிரிகளைச் செய்வோர் இக்கருவியை வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகத்தையே முதலில் பார்க்கின்றனர். உண்மையில் மாதிரி வேலைக்குப் பார்க்க வேண்டியது, கருவி எவ்வளவு மெதுவாகச் சுழல முடியும் என்பதே.

== வேகமும் பொருளும் ==

விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் முருகன் கோயிலின் பங்குனி உத்திரத் தேரோட்டம் பெயர்பெற்றது. அத்தகைய ஒரு தேரை ஓரடி உயரத்தில் செய்வதாகக் கொள்வோம். சக்கரங்களில் அச்சுக்கு 3 மில்லிமீட்டர் துளை வேண்டும். தேர்த்தட்டின் சிற்பப் பலகைகளை மரத்தில் செதுக்க வேண்டும். கலசத்துக்கும் மணிகளுக்கும் பித்தளைக் கம்பியை நறுக்க வேண்டும். சிலர் உருவங்களை மட்டும் பிளாஸ்டிக்கில் செய்து ஒட்டுவர். ஒரே கருவி இவை எல்லாவற்றையும் செய்யும், ஆனால் ஒரே வேகத்தில் செய்யாது.

மாதிரித் தொகுப்புகளில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் பிட்டை வைத்தால், அது வெட்டுப்படுவதற்கு முன் உருகி பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். 5,000 சுற்றுகூட இதற்கு அதிகமே. விட்டுவிட்டுத் தொட வேண்டும். மரம் உருகாது, ஆனால் அதிக வேகத்தில் கருகும். தேக்கின் ஓரத்தில் விழுந்த கரும்பழுப்புக் கோட்டை உப்புத்தாள் போட்டு எடுப்பது பெரும்பாடு. பித்தளையை நறுக்கும் மெல்லிய வட்டுக்கே உயர்வேகம் தேவை.

பிட்டின் விட்டமும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். 30,000 சுற்றில் 3 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 4.7 மீட்டர் வேகத்தில் ஓடும். அதே சுற்றில் 22 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 35 மீட்டர், அதாவது மணிக்கு 125 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் ஓடுகிறது. உடைந்த வட்டின் துண்டு கண்ணை நோக்கி வரும் வேகமும் அதுவே.

== எதை வாங்குவது ==

சந்தையில் பரவலாக உள்ள டிரெமல் 3000 வகை ஏறத்தாழ 10,000 சுற்றில்தான் தொடங்குகிறது. 4000 வகை 5,000-இல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு கூடுதல் வாட்டைவிட முக்கியமானது. ஜெர்மானியத் தயாரிப்பான புரோக்சானின் 12 வோல்ட் சிறு கருவிகள் மெலிந்து, எடை குறைவாக இருக்கும். அவற்றுக்குத் தனி மின்மாற்றி வேண்டும்.

பலர் கவனிக்காத வேறு இரண்டு வகைகள் நகைப் பட்டறையிலும் பல் ஆய்வகத்திலும் உள்ளன. முதலாவது, கொக்கியில் தொங்கும் மோட்டாரிலிருந்து வளையும் தண்டு வழியாகச் சுழற்சியைக் கைப்பிடிக்குக் கொண்டுவருவது. வேகத்தைக் காலால் மிதித்து ஏறக்குறையச் சுழியத்திலிருந்தே கூட்டலாம். மோட்டாரின் எடையும் சூடும் கைக்கு வருவதில்லை. இரண்டாவது, மைக்ரோமோட்டார் எனப்படும் பேனா போன்ற கைப்பிடி. தேர்ச்சிற்பம் போன்ற நுண்வேலையை நாள்தோறும் செய்பவருக்கு, பெட்டி நிறையத் துணைக்கருவிகளுடன் வரும் கருவியைவிட இவ்விரண்டில் ஒன்று ஏற்றது.

பிட்டைப் பிடிக்கும் கவ்வியின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். பொதுக் கருவிகளுக்கான பிட்டுகளின் தண்டு பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர், பல் மருத்துவ, நகைத்தொழில் பிட்டுகளுடையது 2.35 மில்லிமீட்டர். இரண்டு அளவுக் கவ்விகளும் கிடைக்கும் கருவியானால் இருவகைக் கடைகளிலும் பிட்டு வாங்கலாம். உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் 120 வோல்ட் கருவியை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய துளையிடும் பிட்டை மாட்டி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் அதன் நுனி அசையாத புள்ளியாகத் தெரிய வேண்டும். சிறு வட்டமாகத் தெரிந்தால் தண்டு மையம் விலகியுள்ளது. அத்தகைய கருவி 1 மில்லிமீட்டர் பிட்டுகளை முறித்துக்கொண்டே இருக்கும். கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். அது தேய்ந்து தீரும் பொருள்.

== உளியும் சுழல் கருவியும் ==

முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கு வளர்ந்தது உளியின் மரபு. உளி மர இழையை வெட்டுவதால் பரப்பு பளபளப்பாக வரும். சுழலும் பிட்டு இழையைப் பிய்த்துத் தூளாக்கும். பிறகு தேய்க்க வேண்டும். உளி நுழையாத இடுக்குகளுக்கும் உளியின் அழுத்தம் தாங்காத மெல்லிய பலகைகளுக்கும் சுழல் கருவி உதவும்.

== கல்லும் தூசியும் ==

கல்லில் வேலை செய்ய வைரத்தூள் பதித்த பிட்டும், சூட்டையும் தூசியையும் அடக்க நீரும் தேவை. நீர் புழங்கும் இடத்தில் 230 வோல்ட் கருவியைக் கையில் பிடிப்பது உயிராபத்து. எட்டத் தொங்கும் மோட்டார் அல்லது மின்கலத்தில் இயங்கும் கருவி பாதுகாப்பானது. வானூர் வட்டம் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் உள்ளன. மெருகேற்றினால் அழகாக இருக்கும் என்று அவற்றின் துண்டை எடுத்துவருவதற்கு அனுமதி இல்லை; அது பாதுகாக்கப்பட்ட இடம். கல்மரமும் பெரும்பாலும் சிலிகாவே. சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்தால் வெளியேறுவதில்லை. சாதாரணத் துணி முகக்கவசம் இதற்குப் போதாது, என்95 வகை வேண்டும்.

கண்ணாடி அணிவது போலவே கையுறையைத் தவிர்ப்பதும் முக்கியம். சுழலும் பிட்டு துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, துண்டு, அவிழ்த்த கூந்தல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.