பூனைக்கு ஒரு வாசல்

2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு மூன்று நாள் கடையடைத்துவிட்டு, நான்காம் நாள் காலையில் கிட்டங்கியைத் திறந்தோம். திறந்த மாத்திரத்தில் நம் காலுக்கிடையில் புகுந்து வெளியே பாய்ந்து ஓடியது நம் வீட்டுப் பூனை. மூன்று நாளாக வீட்டில் எல்லோரும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். நம் கிட்டங்கியின் பலகைக் கதவில், கீழ் மூலையில், பாட்டனார் காலத்தில் பூனைக்கென்று வெட்டிய ஓட்டை ஒன்று உண்டு. பழைய பஜார்க் கடைகள் பலவற்றில் இப்படி ஒன்றை அன்பர்கள் பார்த்திருக்கலாம். பண்டிகைக்கு முந்தின இரவு வந்த லோடை இறக்கியவர்கள், இடநெருக்கடியில் அந்த ஓட்டையை மறைத்து மூட்டை அடுக்கிவிட்டார்கள். பூனை உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. மூன்று நாள் அடைபட்ட பூனை என்ன செய்யும்? உளுத்தம்பருப்பு மூட்டைகளின் மேல் அடுக்கில் இரண்டைப் பாழாக்கிவிட்டது. ஐம்பது கிலோ மூட்டை இரண்டு. அன்றைய கொள்முதல் விலைக்குச் சுமார் பதினோராயிரம் ரூபாய். எலி ஒரு வருஷம் உட்கார்ந்து தின்றாலும் நம் கிட்டங்கியில் அவ்வளவு தின்றிருக்காது.

"மேலாக அள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் காயவைத்தால் போகிறது" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. நம் மனசு கேட்கவில்லை. இரண்டு மூட்டையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தோம்.

இதில் பூனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்திய ஆண்டே உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்தபோது அந்த ஓட்டையைக் காட்டி, "இதை அடைத்துவிடுங்கள்" என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மளிகைக்கடையில் பூனை இல்லாமலா என்ற எண்ணம். ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிமம், பதிவு பற்றிய விதிமுறைகளை எடுத்துப் பார்த்தால், நான்காம் அட்டவணையில் விஷயம் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பொருள் வைத்துப் புழங்கும் இடத்துக்குள் விலங்கு, பறவை, வளர்ப்புப் பிராணி எதையும் விடக்கூடாது. எலியைப் பிடிக்கிறது என்பதற்காகப் பூனைக்குத் தனிச் சலுகை ஏதும் அதில் இல்லை.

அன்று மாலையே அந்த ஓட்டைக்குத் தகரம் அடித்தாயிற்று. ஆனால் அதோடு வேறொரு தொல்லை தொடங்கியது.

நம்முடையது முன்பக்கம் கடை, நடுவில் கிட்டங்கி, பின்பக்கம் வீடு என்ற பழைய அமைப்பு. இதுவரை ராத்திரி முழுக்கக் கிட்டங்கியிலும் சந்திலுமாகத் திரிந்த பூனை, இப்போது புறக்கடைக் கதவடியில் வந்து உட்கார்ந்துகொண்டு கத்தத் தொடங்கியது. இரவு பதினொன்றுக்கு வெளியே போக வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு உள்ளே வர வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய நம் தாயார்தான் எழுந்து எழுந்து திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலை நாம் எழுந்து போய்ப் பார்க்கிறோம், புறக்கடைக் கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருக்கிறது. பாவம், பூனைக்குத் திறந்தவர்கள் அசதியில் அப்படியே வந்து படுத்துவிட்டார்கள். அன்றைய வசூல் முழுவதும் வீட்டு அலமாரியில் இருந்தது. நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதும் நினைப்பெல்லாம் அந்தக் கதவின் மேல்தான்.

பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றும் பேச்சு எழுந்தது. தாயார் அன்று பகல் சாப்பிட உட்காரவே இல்லை. ஆகவே புறக்கடைக் கதவிலேயே, மடல் வைத்து, பூட்டும் வைத்து, பூனைக்கு ஒரு வாசல் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

தச்சரைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தேக்கிலே போய் ஓட்டை போடச் சொல்றீங்களே, உளி வைக்கக் கை வருமா?" என்றார். நமக்கும் மனசில்லைதான். அவரே ஒரு வழியும் சொன்னார். சட்டம் அடித்த கதவில் குறுக்குச் சட்டத்தையும் நெடுஞ்சட்டத்தையும் தொடக்கூடாது. தொட்டால் கதவின் பிடிமானம் போய்விடும். சட்டங்களுக்கு நடுவே இருக்கிற பலகையில் மட்டும் வெட்டலாம். அந்தப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பலகை போட்டு அதில் வெட்டினால் பழைய பலகை பத்திரமாக இருக்கும். நாளைக்குப் பூனை இல்லையென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அப்படியே செய்தோம்.

அளவு விஷயத்தில் பூனையைத்தான் கேட்க வேண்டும். தோளின் அகலத்தை அளந்து இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டால் வாசலின் அகலம் கிடைக்கும். நம் பூனைக்கு ஏழு அங்குல அகலமும் ஏழரை அங்குல உயரமும் தாராளமாகப் போதும். வாசலின் கீழ் விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஆறு அங்குலம் வாக்கில் இருந்தால் அது குதிக்காமல் காலைத் தூக்கி வைத்து நடந்துபோகும். இங்கே நாம் ஒரு தப்புச் செய்தோம். உள்பக்கம் மட்டும் அளந்தோம். புறக்கடையோ வீட்டைவிட இரண்டு படி தாழ்வு. வெளியிலிருந்து பார்த்தால் வாசல் ஒன்றே முக்கால் அடி உயரத்தில் நிற்கிறது! கடைசியில் வெளியே ஒரு கருங்கல்லைப் போட்டுப் படியாக்கினோம். நீங்கள் அளக்கும்போது இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் தாழ்ப்பாள். இதைத் தச்சர் சொல்லித்தான் நமக்கு உறைத்தது. ஏழு அங்குல ஓட்டைக்குள் ஆள் நுழைய முடியாது, கை நுழையும். கதவடியில் இருக்கிற தாழ்ப்பாளை வெளியில் படுத்துக்கொண்டே ஒருவன் திறந்துவிடலாம். கம்பி ஒன்றை வளைத்து விட்டால் இன்னும் மேலேயும் எட்டும். ஆகவே கீழ்த் தாழ்ப்பாளை நம்புவதை விட்டுவிட்டு, ஆள் உயரத்தில் புதுத் தாழ்ப்பாள் போட்டு, அதில் பூட்டு மாட்டும்படி செய்துகொண்டோம். சாவி கதவருகே தொங்குவதில்லை. இரவில் பூனை வந்து படுத்தபின் வாசலை அடைப்பதற்கு, உள்பக்கம் மேலிருந்து கீழே இறங்கும் அலுமினியத் தகடு ஒன்றும் உண்டு. வாசல் வேண்டுவோர் இந்தத் தகட்டை மட்டும் செலவு என்று பார்த்து விட்டுவிட வேண்டாம்.

இனி மடல். மடல் இல்லாத பூனை ஓட்டை என்பது எலிக்குப் போட்ட வாசல்தான். பாட்டனார் காலத்து ஓட்டையில் அதுதான் கோளாறு. பூனை போகிற வழியில் எலியும் போகும், அதன் பின்னால் பாம்பும் வரும். சுண்டெலிக்குக் கால் அங்குல இடைவெளியே போதும். அரை அங்குலம் இருந்தால் எலிக்குஞ்சும் நுழைந்துவிடும். நம் வாசலுக்கு நாலு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு வெட்டி, மேலே பித்தளைக் கம்பியில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டோம். வெளிப்புறம் தெரிவதால் பூனைக்குப் பயமில்லை. சுற்றிலும் சந்து எட்டணாக் காசு கனத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று தச்சரிடம் கறாராகச் சொல்லிவிட்டோம். ஓட்டையின் விளிம்பை எலி கடிக்காமலிருக்க அலுமினியப் பட்டை அடித்தாயிற்று. காற்றில் மடல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவுக்குப் போடுகிற சின்னக் காந்தம் ஒன்றைக் கீழே வைத்ததும் அடங்கிவிட்டது. வெட்டிய பலகை ஓரத்துக்குப் பிரைமரும் பெயிண்டும் அடிக்காவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பிளந்துவிடும். கடைகளில் மடலும் சட்டமும் சேர்த்தே ஆயத்தமாகவும் கிடைக்கிறது. அதை வாங்குவோர், உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்று நாலு வகையாகப் பூட்டுகிற மாதிரியைக் கேட்டு வாங்கலாம்.

வாசல் தயார். பூனை மட்டும் அதன் பக்கமே திரும்பவில்லை. பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்து மடலுக்குள் தள்ளிப் பார்த்தார்கள். ஆறு கீறல்தான் மிச்சம். தள்ளக்கூடாது. தள்ளினால் அந்த வாசலையே அது பகையாக நினைத்துக்கொள்ளும். மடலை ஒரு நூலால் மேலே கட்டித் திறந்தே வைத்தோம். வெளியே கல்லின்மேல் இரண்டு நெத்திலிக் கருவாடு. நாலு நாளில் தாராளமாகப் போகவரத் தொடங்கிற்று. பிறகு நூலைக் கொஞ்சம் இறக்கிப் பாதி மடல்; அப்புறம் முழு மடல். இரண்டு வாரத்தில் தலையால் முட்டித் திறந்துகொண்டு போகக் கற்றுக்கொண்டது. அந்த இரண்டு வாரமும் இரவில் நாம் முறைவைத்துக் கண்விழித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூனைக்குக் கதவில் வழிவிடுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துப் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமான பூனை ஓட்டை ஒன்றை இன்றும் பார்க்கலாம். அங்கத்துக் கணக்கேடுகளில் 1305 முதல் 1467 வரை, பூனைக்கென்று மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறார்கள். 1598 வாக்கில் ஓட்டை வெட்டிய தச்சருக்குக் கொடுத்த கூலி 8 பென்ஸ். பூனைச் செலவையும் பேரேட்டில் ஏற்றிய அந்தக் கணக்கரை நம்மவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனி, பூனையைக் கிட்டங்கிக்குள் விடாவிட்டால் எலிக்கு என்ன வழி என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். பூனையின் பெருமையை நாம் கொஞ்சம் கூடுதலாகவே நம்பியிருக்கிறோம் என்று தெரிகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பழைய பொருள் மறுசுழற்சிக் கூடம் ஒன்றில், தெருப்பூனைகளும் எலிகளும் சேர்ந்து வாழ்ந்த இடத்தில், கேமரா வைத்து 79 நாள் பார்த்திருக்கிறார்கள். 306 பதிவுகளில் பூனை எலியைக் கொல்லப் பாய்ந்தது மூன்றே தடவை; கொன்றது இரண்டு. 2018இல் வெளியான ஆய்வு இது. பூனையைக் கண்ட எலிகள் குறையவில்லை, ஒளிந்துகொண்டன. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். பெரிய எலியிடமும் பெருச்சாளியிடமும் அது வம்புக்குப் போவதில்லை. நம் பூனை பெருச்சாளியைப் பார்த்துவிட்டு அலமாரிமேல் ஏறி உட்கார்ந்ததை நாமே கண்டிருக்கிறோம்.

ஆகவே கிட்டங்கியில் நாம் செய்தது பூனை வேலையல்ல, கொத்தனார் வேலை. சுவரோரச் சந்துகளைக் கம்பி வலை திணித்துச் சிமெண்ட் பூசி அடைத்தோம். சாக்கடைக் குழாய்க்கு இரும்பு வலை. கதவடிக்குத் தகரப் பட்டை. மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குகிறோம். எலி நடமாட்டம் இருந்தால் புழுக்கை கண்ணில் பட்டுவிடும். பொறி வைக்கிறோம். மருந்து கேக் வைப்பதை நிறுத்திவிட்டோம். ரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்லும் அந்த மருந்து, செத்த எலியைத் தின்ற பூனையின் உடம்பிலும் போய் வேலை செய்யும். கேக்கும் பூனையும் ஒரே கூரையின் கீழ் ஆகாது.

வெளியே போய்வருகிற பூனை என்பதால் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். கருத்தடையும் செய்தாயிற்று, இல்லாவிட்டால் அந்த வாசல் வழியே வருஷத்துக்கு எத்தனை குடும்பம் குடியேறுமோ. மருமகள் கர்ப்பமாக இருந்தபோது பூனையின் கழிவை அள்ளும் வேலையை அவளிடம் விடவில்லை. அதிலிருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் கிருமி தொற்றலாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு.

தச்சர் கூலி, அக்ரிலிக், தகடு, தாழ்ப்பாள், புதுப் பலகை எல்லாமாகச் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பூனை பெரும்பாலும் உள்ளே வந்து தாயாரின் கட்டிலடியில் படுத்திருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுத் தகட்டை இறக்குகிறோம். எண்ணுவது எதற்கென்றால், சென்ற மாதம் ஒருநாள் கட்டிலடியில் இரண்டு பூனை இருந்தன. இரண்டாவது, எதிர்வரிசை எண்ணெய்க்கடைக்காரர் வீட்டுப் பூனை. அவரும் இப்போது தச்சரைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்.