ஸ்கூபா டேங்க்கில் இருப்பது நல்ல காற்றுதானா? டைவ் அடிக்கும் முன் 1 நிமிட டெஸ்ட்

ஆலங்காயம் ஜவ்வாது மலை அடிவாரம். இங்கிருந்து கடலைப் பார்க்க பாதி நாள் பயணம் போகணும். ஆனாலும் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கத்து இளைஞர்களின் வீக்எண்ட் பிளானில் இப்போது ஸ்கூபா டைவிங்கும் வந்துவிட்டது. புதுச்சேரி, ராமேஸ்வரம், முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவு, கொஞ்சம் காசு சேர்ந்தால் அந்தமான்.

போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நீச்சல் தெரியணுமா? வீடியோ எடுத்துத் தருவீங்களா? முதுகில் மாட்டும் டேங்க்கில் என்ன இருக்கு என்று கேட்பவர்கள் குறைவு.

அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. செய்திகளில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய டேங்க்கில், 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டருக்கும் மேல் காற்றை அடைத்திருப்பார்கள். அடைப்பது கம்ப்ரசர். அது எந்தக் காற்றை இழுக்கிறதோ, அதுதான் உங்கள் நுரையீரலுக்குப் போகும்.

கார்பன் மோனாக்சைடு எப்படி உள்ளே வருது?

இரண்டு வழி. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர், படகு எஞ்சின், நிறுத்தி வைத்த வேன் என ஏதாவது ஓடினால், அந்தப் புகையும் சேர்ந்து டேங்க்குக்குள் போய்விடும். காலையில் சரியாக இருந்த இடம், மதியம் காற்று திசை மாறியதும் மோசமாகலாம். அடுத்தது, கம்ப்ரசரே அதிகம் சூடாகி, அதன் மசகு எண்ணெய் உள்ளுக்குள் கருகுவது. அப்போது வெளிக்காற்று சுத்தமாக இருந்தாலும் மெஷினே வாயுவை உண்டாக்கும்.

'ஃபில்டர் இருக்கே?' என்று கேட்கலாம். அதிலுள்ள ஆக்டிவேட்டட் கார்பன் எண்ணெய் நெடியை எடுக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. அதற்கு ஹாப்கலைட் என்ற வேறொரு ரசாயனக் கலவை வேண்டும். ஈரம் பட்டால் அதுவும் வேலை செய்யாது.

ஆழம் போகப் போக என்ன ஆகும்?

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கடலில் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. அதனால் டேங்க்கில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) இருந்தால், அங்கே 40 பிபிஎம் சுவாசிப்பதற்குச் சமம்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. ஆழத்தில் ஆக்சிஜன் அழுத்தமும் கூடுவதால், ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்த ஆக்சிஜனே உடம்பைக் கொஞ்ச நேரம் தாங்கும். மேலே ஏறி வரும்போதுதான் அந்தத் தாங்கல் குறைந்து, தலை சுற்றி மயக்கம் வரலாம். அது தண்ணீருக்குள்ளேயே நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் எல்லாம் படகில் வரும் வாந்தி மயக்கம் போலவே இருப்பதால் 'சீ சிக்னஸ்ப்பா, எலுமிச்சம்பழம் கொடு' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே கம்ப்ரசரில் நிரப்பிய டேங்க்கைப் பயன்படுத்திய இரண்டு, மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி என்றால் உடனே சந்தேகப்படணும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கும். ஆள் மோசமான நிலையில் இருக்க, திரையில் 98 காட்டும்.

தோல் பெல்ட்டுக்குத் தெரிந்த விஷயம்

டேனரி வேலை தெரிந்த குடும்பங்களுக்கு இது புது விஷயம் இல்லை. தோலில் முடி நீக்கப் பயன்படும் சல்பைடு கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதித்து, தகுதியான நபர் எழுத்துபூர்வமாகச் சான்று தரணும் என்றது, 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு. எத்தனை இடத்தில் அது நடக்கிறது என்பது வேறு கதை. ஹைட்ரஜன் சல்பைடாவது ஆரம்பத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை, நிறம், ருசி எதுவுமே கிடையாது.

தூத்துக்குடி பக்கம் சங்கு குளிப்பவர்கள், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் இறங்குகிறார்கள். எஞ்சின் புகையும் காற்று இழுக்கும் வாயும் ஒரே சின்னப் படகில்! டூரிஸ்ட்டாவது டைவை கேன்சல் செய்யலாம். அவர்களுக்கு அது அன்றைய கூலி.

சரி, எப்படி டெஸ்ட் பண்றது?

கையடக்க அனலைசர் கிடைக்கிறது. முதலில் வெளிக்காற்றில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்க்கணும். பிறகு டேங்க் வால்வைக் கொஞ்சமே திறந்து, காற்றை மெதுவாக சென்சார் மேல் விடணும். வேகமாக அடித்தால் ரீடிங் தப்பாகும். சில மாடல்களில் ஜிப் லாக் கவரில் டேங்க் காற்றைப் பிடித்து, அதற்குள் கருவியைப் போட்டுப் பார்க்கலாம். எண் நிலைக்க 1 நிமிடம் போதும்.

ஐரோப்பாவின் இ.என். 12021 தரப்படி சுவாசக் காற்றில் 5 பிபிஎம் வரை இருக்கலாம். அமெரிக்காவின் கிரேடு ஈ தரத்தில் 10 வரை. ஒன்றிரண்டு காட்டினாலே எங்கிருந்து வருது என்று கேளுங்க, 5-ஐத் தாண்டினால் அந்த டேங்க்கே வேண்டாம்.

சென்சாருக்கும் ஆயுள் உண்டு. செத்துப்போன சென்சாரும் 0 தான் காட்டும்! அளவு தெரிந்த வாயுவை வைத்து அவ்வப்போது சரிபார்க்கணும். அவசரத்துக்கு டைவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இப்போதுதான் சிகரெட் பிடித்த நண்பரை ஊதச் சொல்வது. ரீடிங் ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது (நண்பரின் நுரையீரல் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்).

வருஷத்துக்கு ஒரு தடவை டைவ் அடிப்பவர் இதை வாங்க மாட்டார். ஆனால் சென்டரில் கேட்கலாம். அனலைசர் இருக்கா, என் டேங்க்கை என் முன்னாடி செக் பண்ணுவீங்களா, கம்ப்ரசர் எங்கே ஓடுது? 'லேப் சர்டிஃபிகேட் இருக்கு சார்' என்பது பாதி பதில்தான். அந்தச் சான்று, சாம்பிள் எடுத்த அன்றைய காற்றுக்கு மட்டும்.

தண்ணீருக்குள் சந்தேகம் வந்தால் டைவை நிறுத்தி, கூட வருபவருக்கு சிக்னல் கொடுத்து, முறைப்படி மேலே வரணும். படகில் 100% ஆக்சிஜன் தொடங்கணும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும், சுத்த ஆக்சிஜனில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் 'டைவிங்' என்பதோடு 'கார்பன் மோனாக்சைடு சந்தேகம்' என்றும் சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். டேங்க்கில் மிச்சமிருக்கும் காற்றைத் திறந்துவிடாமல் வால்வை மூடி வைக்கச் சொல்லுங்க. என்ன நடந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.