வானத்துக்குக் கணக்கெழுதியவர்

வானசாஸ்திரம் என்றால் மலையுச்சியில் ஒரு பெரிய கூண்டும், அதனுள் பீரங்கி போன்ற தூரதிருஷ்டிக் கண்ணாடியும், பட்டம் பெற்ற பண்டிதர்களும் இருந்தாக வேண்டும் என்பது நம் ஜனங்களின் எண்ணம். கண்ணையும் பொறுமையையும் தவிர வேறு மூலதனம் இல்லாதவனுக்கும் அந்தச் சாஸ்திரத்தில் இடம் உண்டென்றால் நம்புவோர் சிலரே. வங்காளத்து ராதாகோவிந்த சந்திரரின் சரித்திரத்தை அவர்கள் அறியமாட்டார்கள்.

சந்திரர் 1878-ல் ஜெஸ்ஸூரை அடுத்த கிராமத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் மும்முறை தவறியவர். கலெக்டர் கச்சேரியின் கஜானாவில் நாணயங்களைப் பரிசோதிப்பது அவருடைய உத்தியோகம். பகலில் காசுகளில் நல்லது எது, கள்ளது எது என்று தரம் பிரிப்பார். இரவில் நக்ஷத்திரங்களைத் தரம் பிரிப்பார். 1912-ல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலக் கண்ணாடி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். 1918 ஜூன் மாதம், திருவோணம் விளங்கும் கருட மண்டலத்தில் திடீரென ஒரு புது நக்ஷத்திரம் பிரகாசித்தபோது, அதைத் தாமாகவே கண்டு, குறிப்பெடுத்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்கு எழுதினார். அங்குள்ளோர் அவருடைய மதிப்பை உடனே உணர்ந்தார்கள். மாறு நக்ஷத்திரங்களை நோக்குவதற்கென்று அந்நாட்டில் 1911-ல் ஏற்பட்ட சங்கம் அவரையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது.

மாறு நக்ஷத்திரம் என்பது ஒளி கூடியும் குறைந்தும் வருவது. சிலவற்றுக்குச் சில மணி நேரத்தில் மாறுதல். சிலவற்றுக்கு ஒரு வருஷமாகும். இவை ஆயிரக்கணக்கில் இருப்பதால், பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றையும் இரவுதோறும் காவல் காக்க இயலாது. ஆகவே ஊருக்கு ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் பகலாயிருக்கையில் நம் தேசத்தில் இரவு. அவர்கள் விட்ட இடத்தில் நாம் தொடரலாம். முறையும் எளிது. ஒளி மாறாத இரண்டு நக்ஷத்திரங்களை அளவுகோலாக வைத்து, மாறுவது அவற்றுக்கு நடுவே எங்கே நிற்கிறதென்று கண்ணால் மதிப்பிட்டு, தேதியும் நேரமும் குறிக்க வேண்டியதுதான். நல்ல ரூபாயின் பக்கத்தில் வைத்து மற்றொன்றை மதிப்பிடப் பழகியவருக்கு இது கைவந்த கலையாயிருந்ததில் ஆச்சரியம் என்ன? 1954 வரையில் சந்திரர் செய்த மதிப்பீடுகள் 37,000-க்கும் அதிகம்!

அவருக்கு உதவியாக 1926-ல் எல்மர் என்னும் அமெரிக்க அன்பர் தந்த 6 அங்குலக் கண்ணாடியைச் சங்கத்தார் கடலுக்கப்பால் அனுப்பிவைத்தார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் சந்திரர் ஜெஸ்ஸூரை விட்டுக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாராசத்தில் குடியேறினார். வயோதிகத்தால் வேலையை நிறுத்தியபின், இரவல் பொருளாக வந்த அக்கண்ணாடி வைணு பாப்புவிடம் சேர்ந்தது. பிறகு நம் தமிழ்நாட்டுக் காவலூருக்கு வந்தது. வைணு பாப்புவும் கல்லூரி மாணவராயிருந்தபோதே மாறு நக்ஷத்திரங்களைப் பற்றி எழுதத் தொடங்கியவர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1960-களின் இறுதியில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவரும் அவரே. அங்கே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர்ப் பெருங்கண்ணாடி அவர் பெயரைத் தாங்குகிறது. பெரிய கண்ணாடியைப் பத்திரிகைகள் கொண்டாடின. சின்னக் கண்ணாடியை யார் நினைத்தார்கள்?

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் கணவாய்க்கு இப்பால், நம்முடைய கல்வராயன் மலை. அதற்குக் கிழக்கே சமவெளியில் இருக்கிறது களமருதூர். காவலூர் காணும் வானமே ஏறக்குறைய எங்கள் வானமும். வடக்கே துருவ நக்ஷத்திரம் அடிவானத்துக்கு மேல் 12 பாகையில் நிற்கும்; தெற்கே அகஸ்தியரும் தென்சிலுவையும் தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்போருக்கு இவ்விரண்டும் கிட்டாத காட்சி. குறை ஒன்றுதான்: தெருவுக்குத் தெரு எரியும் வெள்ளை விளக்குகள். பால்வீதியைப் பார்க்க வேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அப்பால் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. விளக்கு வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால், செலவும் குறையும், வானமும் பிழைக்கும்.

ஆயினும் திருவாதிரைக்கு இருட்டுக்கூட அதிகம் தேவையில்லை. அதுவும் ஒரு மாறு நக்ஷத்திரமே. 2019-ன் இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் மிருக வேட்டுவனின் மற்றொரு தோளிலுள்ள நக்ஷத்திரத்துக்குச் சமமாகிவிட்டது. உடலிலிருந்து வீசியெறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தார்கள். அவ்வருஷம் ஜனவரியில் ஆருத்ரா தரிசனம் வந்தது. களி கிண்டிய வீடுகளில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தார்களோ!

ஊருக்கு நாலு பேர் சேர்ந்தால் இவ்வேலையைத் தொடங்கிவிடலாம். மார்கழி மாதம் இரவு ஒன்பது மணிக்குமேல் கிழக்கே திருவாதிரை நன்றாக ஏறியிருக்கும். ரோகிணியையும் வேட்டுவனின் அந்த மற்றொரு தோளையும் அளவுகோலாகக் கொள்க. அடிவானத்தருகே எல்லாமே மங்கலாகத் தெரியுமாதலால், மூன்றும் உயர்ந்து வரும்வரை காத்திருத்தல் அவசியம். ஒருவர் மதிப்பை மற்றவர் கேளாமல் தனித்தனியே எழுதுங்கள், பிறகு ஒப்பிடலாம். வாரம் ஒருமுறை போதும். தேதி, மணி, மதிப்பு, பார்த்தவர் பெயர் நான்கும் இருந்தால், சந்திரரின் குறிப்புகளை ஏற்ற அதே அமெரிக்கச் சங்கம் வெறுங்கண்ணால் செய்த மதிப்பீட்டையும் ஏற்றுக்கொள்கிறது.