கடற்கரைப் பள்ளியும் கணக்கப்பிள்ளை ஊதியமும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கக் கோயிலை அடுத்து ஒரு பள்ளி இருப்பது பழகிய காட்சியாகும். இப்பள்ளிகளின் தொடக்கத்தை ஆராயின், நம் அங்கத்தினர்கள் சிந்திக்கத்தக்க ஒரு பணக்கணக்கு அதனுள் இருப்பது புலப்படும்.

1542-ஆம் ஆண்டில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்தார். தமிழறிந்தோர் துணையால் தமிழாக்கிய மன்றாட்டுகளை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். எல்லா ஊரிலும் ஒருவரே தங்கியிருத்தல் இயலுமா? ஆகவே ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையைக் கற்பிக்க அமர்த்தினார். அவருக்கு ஊதியம் யார் தருவது?

அக்காலத்தில் பரதவர், போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஆண்டுதோறும் 4000 பணம் வரி செலுத்தி வந்தனர். அத்தொகையைக் கணக்கப்பிள்ளைகளுக்கு விடுமாறு சவேரியார் அரசியை வேண்டிப் பெற்றார். ஆகவே அவ்வூதியம் முத்துக் குளித்தவரின் உழைப்பிலிருந்தே வந்தது எனலாம்.

இப்பணிக்கு இடையூறும் நேர்ந்தது. மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்த்துக்கீசியத் தலைவன் இராமேசுவர யாத்திரிகரிடம் சுங்கம் வசூலித்தான். அதனால் மூண்ட சண்டையில், 1549-இல், அந்தோனி கிரிமினாலி என்னும் குரு உயிரிழந்தார். பெண்டிரையும் குழந்தைகளையும் படகேற்றிவிடும் பொருட்டு அவர் கரையிலேயே நின்றுவிட்டார். ஒருவன் பேராசையின் விலையைப் பிறர் கொடுக்க நேர்ந்தது.

அவருக்குப்பின் பொறுப்பேற்ற அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட அச்சிறு நூலே இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அச்சுப்பணிக்காகப் பரதவர் 400 குருசாது பொற்காசுகள் திரட்டித் தந்தனர். தனியொருவரால் ஆகாததைக் கூட்டுமுதல் செய்து முடித்தது.

கட்டடம் மட்டும் பள்ளியாகிவிடாது. ஆசிரியர் நிலைத்திருந்தாலே பள்ளி நிலைக்கும். அவர் நிலைத்திருக்க ஊதியம் தவறாது வருதல் வேண்டும். இன்று உதவி பெறும் பள்ளிகளில் அரசே ஊதியம் வழங்குகிறது. ஆயினும் நம் பங்கு தீர்ந்துவிடவில்லை. அறுவடைக்காலத்திலும் பாவு ஓடும் நாளிலும் சிறுவரை வேலைக்கு நிறுத்திக்கொள்ளாமல் பள்ளிக்கு அனுப்புவதே நாம் செலுத்தவேண்டிய சந்தா. அதில் நிலுவை வைத்தலாகாது.